ஒரு குண்டு குறைவாக

முன்னொரு காலத்தில், ரொம்ப முன்னாலே இல்லை, சைக்கிள் வந்த பிறகுதான், ஒரு ராஜா இருந்தார். யானை இருந்தும் பல்லக்கு இருந்தும் அவருக்கு சைக்கிள் மேல்தான் உயிர். ஒருநாள் முன்சக்கரம் கறகறவென்று முனகியது. உள்ளே அச்சைச் சுற்றி ஒரு வளையத்தில் உருளும் பால்ரஸ் குண்டுகள் தேய்ந்துவிட்டன. தேர்த் திருநாளுக்குள் சரியான குண்டுகள் வந்தாக வேண்டும் என்று ராஜா பிடிவாதம் பிடித்தார்.

அடியேன் பார்த்துக்கொள்கிறேன் என்றான் விகடகவி கூத்தபிரான். சைக்கிளைப் பற்றி அவனுக்கு அட்சரம் தெரியாது. தன் மேல் எப்போதும் வயிறெரியும் பொக்கிஷத் தலைவர் மாசிலாமணி முந்திக்கொள்வாரோ என்ற பயத்தில் வாய் முந்திவிட்டது.

பழைய குண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் சைக்கிள் கடை காசிம் பாயிடம் போனான். தேய்ந்த குண்டை வைத்து அளந்தால் அளவு தப்பும் என்று பாய் சக்கரத்தையே கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு அளவுக் குண்டாக வளையத்தில் உருட்டிப் பார்த்து, பொருந்தியதை எடுத்துக் கொடுத்தார். பத்துக் குண்டு பிடிக்கும் வளையத்தில் ஒன்பதுதான் போட வேண்டும், ஒன்றையொன்று நெருக்காமல் உருள இடம் வேண்டும் என்றும் சொன்னார். ராஜா வண்டிக்கே கஞ்சத்தனமா என்று கூத்தபிரான் கேட்க, கடையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாய் தலையைக் குனிந்துகொண்டார். இவன் பத்தாவது குண்டையும் கேட்டு வாங்கிப்போய்த் தன் கையாலேயே திணித்தான்.

திருநாளன்று தெற்கு வீதி முனையில் சக்கரம் இறுகியது. ஊர் சனமெல்லாம் பார்க்க ராஜா சேற்றில் குப்புற விழுந்தார்.

சபையில் விசாரணை வந்தபோது, கடைக்காரன் கொடுத்த குண்டு சரியில்லை என்று சொல்லிவிட்டான் கூத்தபிரான். சொன்ன மறுகணமே உடம்பு கூசியது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா?

காசிம் பாயை இழுத்து வந்தார்கள். அவர் கூத்தபிரானை ஒரு பார்வை பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. "குண்டு நல்ல குண்டுதான், மகாராஜா. ஒண்ணு குறைச்சுப் போடணும். அவ்வளவுதான்" என்றார். அந்த ஒரு பார்வைக்கு நூறு கசையடி தேவலை என்றிருந்தது கூத்தபிரானுக்கு.

மாசிலாமணி விடுவாரா? ஒரு குண்டைத் திருடத்தான் பாய் இந்தக் கதை விடுகிறார், வளையம் நிறைந்தால் சக்கரம் ஏன் சுற்றாது என்றார். ராஜாவுக்கும் விழுந்த கோபம் ஆறவில்லை.

"கூத்தபிரானே, நிறைந்த வளையம் சுற்றுமா சுற்றாதா என்பதை இந்தச் சபை தன் கண்ணால் காண வேண்டும். சுற்றினால் பாய் பொய்யர். இன்றே நாடு கடத்துவோம்" என்றார்.

"சபையே காணட்டும், பிரபு" என்றான் அவன். நடுத்தூணைச் சுற்றி மாசிலாமணியையும் சேர்த்துப் பத்துப் பிரதானிகளை நிற்க வைத்து, வெளியே ஒரு கயிற்றை இறுக்கிக் கட்டினான். எல்லாருக்கும் அரண்மனைச் சோற்றில் வளர்ந்த தொந்தி. நின்ற இடத்தில் சுழன்றபடியே தூணைச் சுற்றி வாருங்கள் என்றான். தொந்தி தொந்தியை முட்டியது, முழங்கை விலாவில் இடித்தது, தலைப்பாகை இரண்டு கீழே விழுந்தது. ஒருவராலும் அசைய முடியவில்லை. பிறகு கூத்தபிரான் கயிற்றைத் தூக்கி மாசிலாமணியை மட்டும் வெளியே எடுத்தான். மற்ற ஒன்பது பேரும் பம்பரமாகச் சுழன்று வந்தார்கள்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பட்டுச் சால்வையை எடுத்துவந்து தம் கையாலேயே கூத்தபிரானுக்குப் போர்த்தினார்.

அதைத் தாங்க அவனால் முடியவில்லை. "பிரபு, இந்த அறிவு பாயுடையது. அவர் சொல்லியும் கேட்காமல் பத்தாவதைத் திணித்தவன் நான். பழியை அவர் மேல் போட்டவனும் நான்" என்றான்.

இவனுக்கு என்ன தண்டனை என்று ராஜா பாயைக் கேட்டார்.

பாய் கைகூப்பினார். "தண்டனையெல்லாம் வேணாம், மகாராஜா. இங்க சொன்னதைக் கடையில வந்து ஒருதரம் சொல்லட்டும். என்னைப் பார்த்துச் சிரிச்சவங்க அங்கதான இருக்காங்க."

ராஜா மறுபடியும் சிரித்தார். சால்வையைக் கழற்றப் போன கூத்தபிரானின் கையைத் தடுத்தார். "வெகுமதி வெகுமதிதான். போர்த்திக்கொண்டே போ" என்றார்.

கடைத்தெரு வரைக்கும் வழிநெடுக எல்லாரும் சால்வையைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.