எஞ்சின் பூசை

மலைக்குப் பேருந்து விடும் தெய்வசிகாமணி முதலாளிக்குத் தம் அறிவின் மேல் அபார மரியாதை. எஞ்சினைப் பிரித்துப்போட்ட மெக்கானிக் அங்கமுத்து, போல்ட்டுகளை அளவாக இறுக்கும் டார்க் ரெஞ்ச் கேட்டான்.

"கை எதுக்குடா இருக்கு? குத்துமதிப்பா இறுக்கு! வண்டி நடுமலையில நின்னா உனக்கு வேலை இல்லை."

கருவி கிடையாது, பழி மட்டும் உண்டு. என்ன நியாயம் இது! போன மெக்கானிக்கையும் இப்படித்தான் துரத்தினார்.

எஞ்சின் வேலை முடிந்த வண்டியில் முதலாளி குடும்பமே முதலில் மலையேறுவது அங்கே வழக்கம். அங்கமுத்து வண்டிக்கு மாலை போட்டு நிறுத்தினான். ஓட்டுநர்கள் கூடினார்கள். முதலாளி பேரனோடு படியில் கால் வைத்தார்.

"ஏறுங்க முதலாளி. நீங்க சொன்ன குத்துமதிப்புதானுங்க."

கால் இறங்கிவிட்டது. "பேரனுக்கு... மலைக்காத்து ஆகாது."

"அப்ப பயணிகளை ஏத்திரலாமுங்களா?"

ஓட்டுநர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவரையே பார்த்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் ரெஞ்ச் வந்தது. "எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி இறுக்குடா" என்றார் முதலாளி.

"பிரிக்க வேண்டாமுங்க" என்று அங்கமுத்து வண்டியின் எஞ்சின் மூடியைத் திறந்தான். உள்ளே எஞ்சினே இல்லை. அது பட்டறை மூலையில் பிரித்தபடியே கிடந்தது.

"குத்துமதிப்பா மாட்ட மனசு வரலீங்க."