வயருக்கு மேல்பக்கம் கீழ்பக்கம் இல்லாமல் போன கதை

வயர்கள் வாய் திறந்து பேசிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் லேப்டாப் பேசும், திரை பேசும், சுவரில் பதித்த சுவிட்சுகூட அழுத்தினால் எதையாவது முணுமுணுக்கும். மனிதர்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆபீசுக்குப் போனால் நாற்காலியில் இருப்பவர்களோடும் பேச வேண்டும், மேசைமேல் கிடப்பவற்றோடும் பேச வேண்டும். அவ்வளவுதான்.

பேச்சு இருந்த இடத்தில் சண்டையும் இருந்தது. ஒவ்வொரு வயருக்கும் ஒவ்வொரு மாதிரித் தலை. தன் தலைக்குப் பொருந்துகிற வாயைத் தவிர வேறெதையும் அது ஏறெடுத்துப் பார்க்காது.

மேலணை என்ற ஊரில் ஆற்று அலுவலகம் இருந்தது. மலையில் பெய்கிற மழையெல்லாம் அந்த ஊர் அணையில்தான் வந்து சேரும். ஷட்டரை எப்போது திறப்பது, எந்த ஊருக்கு முதலில் சொல்வது என்பதையெல்லாம் அலுவலகத்தின் கூட்ட அறையில் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். அந்த அறை திலகவதியின் பொறுப்பில் இருந்தது. அவள் நிதானமாகப் பேசுவாள், வேகமாக நடப்பாள். கூட்டம் என்றால் எல்லோருக்கும் முன்னால் வந்து இழுப்பறையைத் திறந்து வயர்களை எழுப்புவாள். அவளுடைய நாளில் பாதி அவற்றைச் சமாதானம் செய்வதிலேயே போய்விடும்.

இழுப்பறையில் மூத்தவன் அகலத்தலையன். நீலத் தலை, இரண்டு பக்கமும் திருகாணி. திரைக்குப் படம் கொண்டுபோவது அவன் வேலை. திருகாணியை இறுக்கித் திருகி உட்காரவைத்தால்தான் படம் விடுவான். கொஞ்சம் தளர்ந்தாலும் எல்லோர் முகத்தையும் பச்சையாகக் காட்டிவிடுவான். அடுத்தவன் ஊசிமூக்கன். அவன் சுமப்பது குரல். மூன்றாமவன் உருண்டைவாயன், மின்சாரம் கொடுப்பவன். "நான் இல்லேன்னா உங்க யாருக்கும் உயிரே இல்ல" என்பது அவன் தினமும் சொல்கிற பேச்சு.

கடைசியாக வந்தவள் மெல்லியாள். தட்டையான, ஓரம் மழுங்கிய சின்ன வாய். போன்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் ஊட்டுவதைத் தவிர அவளுக்கு வேறு வேலை கிடையாது. அவளும் ஒன்றும் குறைந்தவள் இல்லை. அவளுக்கும் மேல்பக்கம் என்று ஒன்று இருந்தது. அதைத் திருப்பிச் செருகினால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். "மேல்பக்கம் எதுன்னு பார்த்துச் செருகத் தெரியாதா?" என்று கேட்பாள். அவசரத்தில் செருகுகிறவர்கள் ஒரு தடவை முயன்று, திருப்பி, மறுபடியும் திருப்பி அலுத்துப்போவார்கள்.

இப்படி இருக்கும்போது ஒரு ஐப்பசியில் மலையில் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்யவில்லை; வானம் கிழிந்தமாதிரி ஊற்றியது. செல்போன் கோபுரம் சாய்ந்துவிட்டது. அணைக்கும் ஊருக்கும் நடுவில் மிஞ்சியது அணையின் சொந்த ரேடியோத் தொடர்பு மட்டும். அதில் பேச வேண்டுமானால் பொறியாளர் சவரிமுத்துவின் லேப்டாப் வழியாகத்தான் பேச முடியும்.

சவரிமுத்து காலையிலேயே அணையிலிருந்து ஜீப்பில் கிளம்பி வந்தான். வரும்போது பாதி வழியில் ஓடைத் தண்ணீர் ஜீப்புக்குள் ஏறிவிட்டது. லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் காப்பாற்றியிருந்தான். ஆனாலும் அதன் திரைக்குள் ஈரம் இறங்கிவிட்டது. சார்ஜர் ஓடையோடு போய்விட்டது.

"உசிரு இருக்கு மேடம். கண்ணுதான் தெரியல," என்றான் திலகவதியிடம். "ஷட்டரைத் திறந்தா எந்தெந்தத் தெருவுல தண்ணி ஏறும்னு படம் இதுக்குள்ளதான் இருக்கு. பெரிய திரையில போட்டுட்டாப் போதும்."

"பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?"

"தாங்காது," என்றது லேப்டாப். குரல் கம்மியிருந்தது. "சீக்கிரம் ஏதாவது செய்யுங்க."

அறையில் ஏற்கெனவே ஆட்கள் கூடியிருந்தார்கள். மேசையின் கோடியில் தாழையூர்ப் பஞ்சாயத்துத் தலைவி சுபைதா உட்கார்ந்திருந்தாள். நனைந்த முக்காட்டைப் பிழிந்து மறுபடியும் போட்டிருந்தாள். அணைக்குக் கீழே ஆறு வளைகிற பள்ளத்தில் இருக்கிறது தாழையூர். ஷட்டரைத் திறந்தால் தண்ணீர் முதலில் பார்க்கிற ஊர் அதுதான்.

"தலைவரம்மா, ஜனங்களை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திடுங்க. மத்தியானத்துக்குள்ள திறந்தாகணும்," என்றான் சவரிமுத்து.

சுபைதா அவனையே பார்த்தாள். "போன மழைக்கும் இதையேதான் சொன்னீங்க இன்ஜினியர் தம்பி. பிள்ளைத்தாச்சி, கிழவன் கிழவி எல்லாரையும் சேத்துல நடக்கவெச்சுக் கூட்டிட்டுப் போனேன். தண்ணி வரல. பூட்டின வீட்டுல திருடன்தான் வந்தான். இப்ப நான் போய்க் கூப்பிட்டா ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க. என் வாயில இருந்து வர்றது எனக்கே நம்பிக்கையா இருக்கணும். படத்தைக் காட்டுங்க. அணை மேல நிக்கிற ஆளைப் பேசச் சொல்லுங்க. கேட்டுட்டு ஓடுறேன்."

அவள் கேட்டதில் தப்பு எதுவும் திலகவதிக்குத் தெரியவில்லை. குனிந்து இழுப்பறையை இழுத்தாள்.

அகலத்தலையன் எட்டிப் பார்த்தான். லேப்டாப்பின் விலாவைச் சுற்றிச் சுற்றித் தேடினான். புது மாதிரி லேப்டாப் அது. ஓரத்தில் ஒரே ஒரு வாய்தான் இருந்தது, தட்டையாக, சின்னதாக.

"இதுக்குள்ள நான் எப்படிப் போறது? என் தலையை வெட்டணும்," என்றான்.

"முதல்ல எனக்கு வழிவிடு. அது சாகக் கிடக்கு. மின்சாரம் இல்லாம படம் எங்கிருந்து வரும்?" என்று உருண்டைவாயன் முன்னால் வந்தான். அவனுக்கும் பொருந்தவில்லை.

"எல்லாத்துக்கும் அவசரம். குரலைப் பத்தி யாராவது நினைச்சீங்களா?" என்றான் ஊசிமூக்கன்.

அந்த வாய் தன் அளவுதான் என்று பார்த்த உடனே மெல்லியாளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவள் கையில் இருந்தது போனுக்கு ஊட்டுகிற துளி மின்சாரம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வயர்களின் சண்டை வலுத்தது. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் வழக்கம்போலக் கூரையைப் பார்த்தார்கள். ஒருவர் டீ வருமா என்று கேட்டார். சுபைதா எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"உங்க வீட்டுச் சண்டை தீர்ந்ததும் ஆள் அனுப்புங்க. நான் என் ஊருல இருக்கேன்," என்றாள்.

அவள் போய்விட்டால் தாழையூர் அசையாது. தாழையூர் அசையாமல் ஷட்டரைத் திறக்க முடியாது. திறக்காவிட்டால் அணை தாங்காது. வழக்கமாக ஒவ்வொரு வயரையும் தனித்தனியாகத் தட்டிக்கொடுத்துச் சமாதானம் செய்கிற திலகவதி, அன்றைக்கு நாலையும் ஒன்றாக அள்ளி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத்தனை நாள் உங்களை மாத்தி மாத்திக் கெஞ்சியிருக்கேன்," என்றாள். "இன்னைக்குக் கெஞ்ச நேரமில்ல. கீழ ஒரு ஊரே அடுப்பு பத்தவெச்சுச் சோறு பொங்கிட்டிருக்கு. தண்ணி வரப்போறது அவங்களுக்குத் தெரியாது. இந்த வாய் ஒண்ணுதான் இருக்கு. அது மெல்லியாளுக்குத்தான் சரியா இருக்கு. உங்களால போக முடியாது. உங்ககிட்ட இருக்கிறது போக முடியுமா? அதை மட்டும் சொல்லுங்க."

அகலத்தலையனுக்கு உலகத்தில் பெருமை என்று ஒன்று இருந்தால் அது அவனுடைய திருகாணிகள்தான். யார் இழுத்தாலும் அசையாமல் உட்கார்ந்திருப்பேன் என்று சொல்லிச் சொல்லியே அவன் மூத்தவன் ஆனவன். அவன் இரண்டு திருகாணிகளையும் தானே கழற்றினான். அவை மேசைமேல் உருண்டு போயின. தலைக்குள் வரிசையாக இருந்த முட்களை ஒவ்வொன்றாக உதிர்த்து மெல்லியாள் முன்னால் வைத்தான்.

"படம் இதுலதான் ஓடும்," என்றான். "எடுத்துக்கோ."

உருண்டைவாயனும் ஊசிமூக்கனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவனே கொடுத்த பிறகு வைத்துக்கொண்டிருக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. ஊசிமூக்கன் தன் குரலைக் கொடுத்தான். உருண்டைவாயன் நெருங்கி வந்தபோது மெல்லியாள் பின்வாங்கினாள்.

"அண்ணே, எனக்குப் பயமா இருக்கு. உங்க மின்சாரம் மொத்தமும் என் உடம்புல ஓடினா எரிஞ்சுபோவேன். நான் எரிஞ்சாப் பரவாயில்ல, அந்த லேப்டாப்பும் எரிஞ்சுடும்."

உருண்டைவாயன் யோசித்தான். அவன் வாழ்க்கையில் யாரிடமும் எவ்வளவு வேண்டும் என்று கேட்டதே இல்லை. இருப்பதைத் தள்ளிவிடுவதோடு சரி.

"அப்ப முதல்ல கேளு," என்றான். "எவ்வளவு தாங்கும்னு அதுகிட்டயே கேட்டுட்டு, அது சொன்ன அளவு மட்டும் விடு. நான் செய்யாததை நீ செய்."

அவள் சரி என்றாள். ஆனால் இத்தனையும் வைக்க அவளுக்கு இடம் போதவில்லை. மேல் உதட்டில் முட்களை அடுக்கினாள், பாதி மிஞ்சிவிட்டது. கீழ் உதட்டில் அவள் இதுவரை எதையும் வைத்ததில்லை. மேல்பக்கம் உயர்ந்தது, கீழ்பக்கம் தாழ்ந்தது என்பதுதானே அவள் கணக்கு. சுபைதாவின் கை கதவுத் தாழ்ப்பாளில் இருந்தது. மெல்லியாள் கண்ணை மூடிக்கொண்டு கீழ் உதட்டையும் திறந்தாள். மேலே எப்படியோ கீழேயும் அப்படியே அடுக்கினாள். அதோடு அவளுக்கு மேல்பக்கமும் போயிற்று, கீழ்பக்கமும் போயிற்று.

"எப்படிச் செருகணும்?" என்று திலகவதி பதற்றத்தோடு கேட்டாள்.

"எப்படி வேணும்னாலும்," என்றாள் மெல்லியாள்.

சுவரில் இருந்த திரை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. "இன்னொரு முனையை இங்க கொண்டா," என்று கூப்பிட்டது. "அந்த அளவுல ஒரு வாய் என் இடுப்புல சும்மாதான் கிடக்கு. எனக்கு வர்ற மின்சாரத்துல லேப்டாப்புக்கும் பங்கு தர்றேன்."

அதனால் மெல்லியாள் மறுமுனையையும் முதல் முனை மாதிரியே செய்துகொண்டாள். திலகவதி ஒன்றை லேப்டாப்பில் செருகினாள், மற்றதைத் திரையில் செருகினாள். பார்த்துச் செருகவில்லை; பார்க்க நேரமும் இல்லை.

திரை கறுப்பாகவே இருந்தது. மெல்லியாள் லேப்டாப்பிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்: உனக்கு எவ்வளவு தாங்கும்? படம் எந்த அளவில் வரும்? குரல் உண்டா? லேப்டாப் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிற்று.

பிறகு திரையில் ஆறு தெரிந்தது.

ஆற்றின் வளைவும், வளைவுக்குள் தாழையூரின் தெருக்களும், தெருக்களின்மேல் பரவப்போகிற நீலமும் தெரிந்தன. பள்ளிவாசல் தெரு முழுக்க நீலம். மாரியம்மன் கோயில் தெரு முழுக்க நீலம். மேட்டுப் பள்ளிக்கூடம் மட்டும் வெள்ளையாக நின்றது. திரைக்குள்ளிருந்து மழையிரைச்சலும் அதைக் கிழித்துக்கொண்டு ஒரு குரலும் வந்தன. அணைமேல் காவல் நிற்கிற மாசிலாமணியின் குரல் அது. அவன் தாழையூர்க்காரன்.

"சுபைதாக்கா இருக்காங்களா அங்க? அக்கா, நான் ஷட்டர் பக்கத்துலதான் நிக்கிறேன். தண்ணி என் காலைத் தொடுது. இது போன வருஷம் மாதிரி இல்ல. எங்க அம்மா வீட்டுலதான் இருக்கும், முட்டி வலிக்குதுன்னு எந்திரிக்க மாட்டேங்கும். தூக்கிட்டாவது போயிடுங்க."

சுபைதா தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை. நீலம் பரவிய தெருக்களை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"உங்க அம்மாவை நானே தூக்கிட்டுப் போறேன் தம்பி. நான் சொல்லி அனுப்புற வரைக்கும் திறக்காத," என்றாள். கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் ஓடினாள். சவரிமுத்துவின் ஜீப் அவளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

தாழையூர் மேடு ஏறியது. வராதவர்களைச் சுபைதா வீட்டுக்குள் போய் இழுத்து வந்தாள். கேட்டவர்களுக்கெல்லாம், "கண்ணால பார்த்தேன், மாசிலாமணி பேசினான்" என்று அவள் சொன்ன ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. மாசிலாமணியின் அம்மா வழி முழுக்கத் திட்டிக்கொண்டே அவள் முதுகில் வந்தாள். கடைசி ஆள் ஏறியதும் ஜீப் திரும்பி வந்து சொல்லிற்று. ஷட்டர் திறந்தது.

தண்ணீர் படத்தில் காட்டியபடியே வந்தது. பள்ளிவாசல் தெருவில் ஆள் உயரம் நின்றது. சுவர்கள் சில விழுந்தன. ஆட்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தச் செய்தி வந்தபோது திலகவதி மேசையடியில் உட்கார்ந்திருந்தாள். எப்போது அங்கே உட்கார்ந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. மார்பில் இருந்த பாரம் இறங்கிப்போக, வெட்கப்படாமல் அழுதாள். டீ கேட்டவர் தன் டம்ளரை அவளிடம் நீட்டினார். அது ஆறிப்போயிருந்தது. அவ்வளவு ருசியான டீயை அவள் குடித்ததில்லை.

அகலத்தலையனும் மற்ற இருவரும் அதற்குப் பிறகு இழுப்பறைக்குப் போகவில்லை. அவர்களைத் திலகவதி துடைத்து, கூட்ட அறையின் கண்ணாடி அலமாரியில் வைத்தாள். சண்டை போட ஆள் இல்லாததால் வயர்களுக்குப் பேச்சும் தேவைப்படவில்லை. மெல்ல மெல்ல வாயை மூடிக்கொண்டன. மெல்லியாள் மட்டும், எதில் செருகினாலும், முதலில் கேட்பதை விடவில்லை. இப்போதும் செருகியவுடன் திரை ஒரு கணம் கறுப்பாக நிற்கிறது இல்லையா, அது அவள் கேட்டுக்கொண்டிருக்கும் நேரம். அவசரப்பட்டு உருவக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. மெல்லியாளின் உடன்பிறந்தவர்கள் வேறு ஊர்களில் வேறு இழுப்பறைகளில் இருந்தார்கள். அவர்களுக்கு இந்தப் பங்கு போய்ச் சேரவில்லை. பார்த்தால் அவளைப் போலவே இருப்பார்கள்; மின்சாரம் மட்டும்தான் கொடுப்பார்கள், படம் வராது. வயர் சரியாக இருந்தும் திரை விழிக்காவிட்டால், வந்திருப்பவள் தங்கையோ அக்காவோ என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

மேலணையில் மழை விட்ட அந்தச் சாயங்காலத்திலிருந்துதான், கூட்டம் நடக்கிற மேசைகளின் நடுவில் ஒற்றை வயர் ஒன்று கிடக்கிறது. வருகிறவர்கள் எந்தப் பக்கம் மேலே என்று பார்க்காமல் செருகிவிட்டு, நேராகப் பேச வந்த விஷயத்தைப் பேசுகிறார்கள்.