முட்டுக்கால் பிடுங்கிய நாள்

காட்டை ஆண்ட சிறுத்தை ராஜாவுக்கு மழைக்காலம் நெருங்கும்போது ஓர் ஆசை வந்தது. நனையாமல் படுக்கத் தனக்கு ஒரு கல் மண்டபம், விருந்தாளிகளுக்கு இன்னொன்று! இரண்டையும் மழைக்கு முன்பே முடித்துத் தருவதாக நரியார் ஒப்புக்கொண்டார். வாக்குக் கொடுக்க நரியாருக்குச் சொல்லியா தர வேண்டும்? அன்றிலிருந்து அவர்தான் மேஸ்திரி.

வேலை செய்தவர்கள் வேறு. காத்தாயி என்ற யானை கல்லும் மரமும் சுமந்தாள். மாசானம் என்ற பெருச்சாளியும் அவன் மனைவி இசக்கியும் புற்றுமண்ணில் கடுக்காய்ச் சாறு விட்டு மிதித்தார்கள். கல்லோடு கல்லைச் சாய்த்துக் கூரையை வளைவாக எழுப்பி, இடுக்குகளில் அந்த மண்ணை அடைத்தார்கள். மண் காயும்வரை அடியில் மரத்துண்டுகள் கூரையைத் தாங்கி நிற்கும். அவைதான் முட்டுக்கால்கள். காய்ந்தபிறகு காத்தாயி வெளியே நின்று கொடியைக் கட்டி அவற்றை இழுத்துவிடுவாள்.

இதில் ஒரு பழைய வழக்கம் உண்டு. "பிடுங்கு" என்று யார் சொல்கிறாரோ, அவர்தான் கூரைக்கு அடியில் போய் நிற்க வேண்டும். அதனால் யாரும் அவசரப்பட்டு அப்படிச் சொன்னதில்லை.

முதல் மண்டபத்தின் கூரை முடிந்தது. ஆனால் வானம் மூடிக்கொண்டது, வெயிலே இல்லை. முட்டுக்கால்களோ ஒரு மண்டபத்துக்குத்தான் இருந்தன. அவற்றை எடுத்தால்தான் அடுத்த மண்டபத்தைத் தொடங்க முடியும். நரியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"பிடுங்கு!" என்றார்.

காத்தாயி துதிக்கையை நீட்டிக் கூரையைத் தொட்டுப் பார்த்தாள். "மேஸ்திரி, மண்ணு இன்னும் சில்லுனு இருக்கு. கொஞ்சம் வெயில் படட்டுமே!"

"உன்னை இழுக்கத்தான் கூப்பிட்டேன்! யோசிக்கக் கூப்பிடலை!"

"அப்போ நீங்கதானே உள்ளே நிக்கணும்?" என்று மாசானம் வெள்ளந்தியாகக் கேட்டான்.

நரியார் சிரித்தார். கையோடு ஒரு கொன்றை மாலை கொண்டுவந்திருந்தார். "நானா? நான் என்னப்பா செஞ்சேன்? கால் தேய மண் மிதிச்சவன் நீ! இந்த மரியாதை உனக்குத்தான்!" என்று மாலையை அவன் கழுத்தில் போட்டார்.

பாவம் மாசானம். அவன் பிறந்ததிலிருந்து யாரும் அவனுக்கு மாலை போட்டதில்லை. அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். இசக்கி பின்னாலிருந்து இழுத்தாள்.

"வேண்டாங்க! மாலையைக் கழட்டிக் குடுத்துட்டு வாங்க!"

"சும்மா இரு புள்ள! நாலு பேரு பார்க்கிறாங்க!"

அவன் உள்ளே போய் நடுவில் நின்றான். காத்தாயிக்குக் கால் நகரவில்லை.

"என்ன நிக்கிறே? ராஜாகிட்ட சொல்லட்டுமா?" என்று நரியார் அதட்டினார். காத்தாயி பயந்துவிட்டாள். அவ்வளவு பெரிய உடம்பில் அவ்வளவு பயம்! கண்ணை மூடிக்கொண்டு கொடியை இழுத்தாள்.

கூரை அப்படியே உட்கார்ந்துவிட்டது. தூசி அடங்கியபோது மாலையின் ஒரு முனை மட்டும் வெளியே தெரிந்தது.

இசக்கி பறித்தாள், பறித்துக்கொண்டே இருந்தாள். மண்ணைப் பறிக்கும் நகம் கல்லை என்ன செய்யும்? காத்தாயி ஒவ்வொரு கல்லாகத் தூக்கிப்போட்டாள். கடைசிக் கல்லுக்கு அடியில் மாசானம் கிடந்தான். உயிர் இல்லை.

"மண்ணைச் சரியா மிதிக்கலை! அவன் தப்பு அவனையே கொன்னுடுச்சு!" என்றார் நரியார். பார்க்க வந்த சிறுத்தை ராஜா தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். இசக்கி வாய் திறக்கவில்லை. காத்தாயிக்குத் தன் துதிக்கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இடிபாட்டிலிருந்து உருவிய அதே முட்டுக்கால்களை வைத்து அடுத்த மண்டபம் எழுந்தது. மாசானத்தின் இடத்தில் இசக்கி தனியாக மண் மிதித்தாள். கூரை முடிந்ததும் நரியார் மறுபடியும் ஒரு மாலையோடு வந்தார்.

"இசக்கி, வா! உன் வீட்டுக்காரன் பேரைக் காப்பாத்து! காத்தாயி, பிடுங்கு!"

இசக்கி அசையவில்லை. காத்தாயி மெதுவாகத் துதிக்கையை நீட்டினாள். நரியார் கையிலிருந்த மாலையை எடுத்தாள். அதை அவர் கழுத்திலேயே போட்டாள்.

"நீங்க சொன்னீங்க, நான் இழுக்கிறேன். உள்ளே போய் நில்லுங்க, மேஸ்திரி."

"என்ன திமிரு! ராஜாகிட்ட..."

"சொல்லுங்க. அவரும் வந்து பக்கத்துல நிக்கட்டும்."

காத்தாயி வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். நரியார் பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து கூரைக்கு அடியில் போய்விட்டார். காத்தாயி கொடியைத் துதிக்கையில் எடுத்தாள். நரியார் நிமிர்ந்து பார்த்தார். எட்டி இடுக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"இரு! இரு! இழுக்காதே! மண்ணு ஈரமா இருக்கு! காயட்டும்! நல்லா வெயில் அடிக்கட்டும்!"

இசக்கி அன்றுதான் வாய் திறந்தாள். "அன்னைக்கும் ஈரமாத்தான் இருந்துச்சு. உங்களுக்கு அது தெரியும், இல்லையா மேஸ்திரி?"

நரியாரின் கண் முட்டுக்கால்களை விட்டு நகரவில்லை.

காத்தாயி நினைத்திருந்தால் ஒரே இழுப்பு போதும். ஆனால் அவள் கொடியைக் கீழே போட்டு வழிவிட்டாள். 'உள்ளே போய் நில்லுங்க' என்று அன்றைக்கே தான் சொல்லியிருந்தால் மாசானம் இருந்திருப்பானே என்று நினைத்தாள்.

ஆபத்தான வேலைக்கு உத்தரவு போடுகிறவரை முதலில் அந்த ஆபத்துக்கு அடியில் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் அடுத்தவர் உயிர் அவருக்கு எப்போதும் மலிவாகவே தெரியும்.