மஞ்சள் பிள்ளையார் அமர்ந்த இருக்கை

இருக்கை கெட்டுப்போயிற்று.

புத்தம் புது ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. இடப்பக்க இருக்கையின் பால்நிறத் தோலில், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை.

"எப்படி?" என்றாள் அமலோற்பவம். குன்னூரில் கார் கழுவித் துடைக்கும் அந்த ஷெட் அவளுடையது.

"ஆயுத பூஜை, மேஸ்திரி," என்றார் வடமலை. "மஞ்சள்ல பிள்ளையார் பிடிச்சேன். வண்டி புதுசாச்சே, முதல் ஆளா அவர் உட்காரட்டும்னு வச்சேன்."

"ஈரத்தோடயா?"

"ஈரத்தோடதான்."

"சீட் பெல்ட் போட்டுவிட்டீங்களா?"

வடமலை சிரிக்கவில்லை. மேஸ்திரியைவிட வயதில் மூத்தவர். தொழிலுக்குத்தான் பிந்தி வந்தவர். இதுவரை சக்கரமும் மிதியடியும் கழுவுவதுதான் அவர் பங்கு. ஒரு காரை முழுதாக அவர் கையில் விட்டது இதுவே முதல் தடவை.

வெளிப்புறத்தில் குறை சொல்ல முடியாது. கருநீலம். நுரையில் குளிப்பாட்டி, ஈரம் ஒற்றி, மெழுகு பூசி எடுத்திருந்தார். மூடுபனி பானட்டின் மேல் ஊர்ந்தது. பானட்டின் பளபளப்புக்குள்ளும் ஊர்ந்தது.

உள்ளேதான் அந்த மஞ்சள்.

"ஷாம்பு போட்டேன். பிரஷ் போட்டேன். தோலுக்குன்னு இருக்கறது எல்லாத்தையும் போட்டேன். போகலை."

அவள் குனிந்து பார்த்தாள். கறையைச் சுற்றித் தோலின் ரேகை மங்கத் தொடங்கியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் தேய்ங்க. உள்ள இருக்கற பஞ்சு தெரியும்."

"சாயங்காலம் வண்டிக்கார டாக்டரம்மா வர்றாங்க. போன்ல விஷயத்தைச் சொல்லிட்டேன். ஒண்ணும் பேசாம வச்சுட்டாங்க. கறையோட பார்த்தா இனிமே என்கிட்ட யாரு சாவி குடுப்பா? மறுபடி மிதியடிதான். ஒரு வழி சொல்லுங்க மேஸ்திரி."

அவள் கையை நீட்டினாள்.

துணியைக் கேட்கிறாள் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கொடுத்தார்.

துணியை இடுப்பில் செருகிக்கொண்டாள். காரின் கூரையை மடக்கித் திறந்தாள்.

"தள்ளுங்க."

"எங்கே?"

"வெளியே."

"கூரையில்லாமயா? தோலுக்கு வெயில் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"சொன்னேன்."

"அப்புறம்?"

"இப்ப தள்ளுங்கன்னு சொல்றேன். அதுவும் நான்தான்."

தள்ளினார்.

வெளியே வெயிலும் இல்லை, ஒன்றும் இல்லை. பனி. சில்வர் ஓக் மரங்களுக்கு இடுப்புக்கு மேல் உடம்பில்லை. சாலையில் போன பஸ்ஸுக்குச் சத்தம் மட்டும் இருந்தது.

"நான் என்ன பண்ணட்டும்?"

"கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க."

"அவ்வளவுதானா?"

"முதல்ல அது முடியுதான்னு பாருங்க."

முடியவில்லை. கை தானாக வாளியைத் தேடிப் போயிற்று. அவள் காலாலேயே வாளியைத் தள்ளி வைத்தாள்.

"மழை வந்தா?"

"மூடுவோம்."

"வரலைன்னா?"

அவள் வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

பனி காருக்குள் இறங்கி, இரண்டு இருக்கையிலும் உட்கார்ந்து, எழுந்து போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டே வடமலை கண் அயர்ந்தார்.

கனவிலும் துடைத்தார். துணியோடு கறை வந்தது. பிறகு தோல் வந்தது. பிறகு கருநீலம் வந்தது. சக்கரம் வந்தது. கடைசியில் கார் இல்லை, ஷெட் இல்லை, மலை இல்லை. வெறும் வெள்ளையில் அவர் ஒருவர், கையில் ஒரு துணி. அப்போதும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முகத்தில் சூடு பட்டு விழித்தார்.

வெயில்.

பதறி எழுந்தார். "உறை எங்கே? கார் உறை எங்கே?"

அதை மடித்துப் போட்டு அதன் மேல்தான் மேஸ்திரி உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திருங்க மேஸ்திரி! தோல் வெடிச்சுரும்!"

"ஒரு மத்தியானத்துல வெடிக்காது. கத்தாம பாருங்க."

பார்த்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. கறை கறையாகவே இருந்தது. மரத்து நிழல் நகர்ந்தது. பானட்டில் ஒரு மேகம் நுழைந்து, பின்பக்கமாக வெளியேறிற்று. இன்னும் பார்த்தார். பூசணிப் பூ நிறம். கொஞ்சம் கழித்து எலுமிச்சை. அதற்குப் பிறகு வெண்ணெய். மாறுகிற நொடியைப் பிடித்துவிடலாம் என்று இமைக்காமல் இருந்தார். கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம்.

"எப்ப போச்சு?" என்றார்.

"என்னைக் கேட்டா? நீங்கதானே பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

காரை உள்ளே தள்ளினார்கள். தோல் ஆறியது. அவள் இடுப்பிலிருந்து துணியை எடுத்து அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப க்ரீம் பூசுங்க. மெதுவா. இருக்கைக்கு வலிக்காம."

பூசினார்.

டாக்டரம்மா முகத்தை இறுக்கிக்கொண்டுதான் வந்தார். நேராக இடப்பக்கக் கதவைத் திறந்தார். குனிந்தார். விரலால் தடவினார். மறுபடி தடவினார்.

"கறைன்னீங்களே, எங்கே?"

"போயிடுச்சுங்க."

"சுவடே இல்லையே! இப்படி ஒரு கை இருந்தா வண்டியைக் கண்ணை மூடிக்கிட்டு விட்டுட்டுப் போகலாம்." சாவியை எடுத்து உயரப் பிடித்தார். "கறையை யார் எடுத்தது?"

மேஸ்திரி மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வடமலையின் கையில் துணி இருந்தது. க்ரீம் மணம் இன்னும் போகவில்லை.

துணியைக் கீழே வைத்தார்.

"வெயிலுங்க."