வாசிப்புக் குழுவில் முள்ளம்பன்றி

மூங்கில் காட்டு ஏரிக்கரையில் மிருகங்களின் பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. வேடர் வைக்கும் கண்ணியிலிருந்து தப்புவது எப்படி என்று மான்குட்டிகளுக்கு அங்கே சொல்லித் தந்தார்கள். நரிதான் துறைத்தலைவர். மயிலும் கொக்கும் கரடியும் நிரந்தர ஆசிரியர்கள். முள்ளம்பன்றி மட்டும் தற்காலிக ஆசிரியை. ஆண்டுதோறும் சிங்கராஜா நீட்டிப்பு கொடுத்தால்தான் அதற்கு வேலை. வேலை போனால் ஏரிக்கரைப் புதரையும் காலி செய்ய வேண்டும். அந்தப் புதரில் பிறந்து ஒரு மாதமான இரண்டு குட்டிகள் இருந்தன.

ஒருநாள் சிங்கராஜாவிடமிருந்து ஓலை வந்தது.

"ஆசிரியர்கள் தங்களை மேம்படுத்திக்கொள்ள வேண்டும். ஐந்து புதன்கிழமை, காலை பத்து மணிக்குக் கூடி, ஒரு புத்தகத்தைப் படித்து விவாதிக்க வேண்டும். ஐந்து கையெழுத்தும் இல்லாதவருக்கு வேலை நீட்டிப்பு கிடையாது."

நிரந்தர ஆசிரியர்களுக்கு நீட்டிப்பே தேவையில்லை. மிரட்டல் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"சார், புதன் பத்து மணிக்கு நமக்கெல்லாம் கண்ணி வகுப்பு இருக்கே?" என்று முள்ளம்பன்றி கேட்டது.

"ரத்து பண்ணிடலாம் மேடம். நாம மேம்பட்டாத்தானே பிள்ளைங்களுக்கு நல்லது?" என்றது நரி.

மாணவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்பதைப் பற்றிய புத்தகம் அது. வந்தது ஒரே பிரதி. நரி அதற்கும் வழி கண்டுபிடித்தது. ஐந்து அத்தியாயம், ஐந்து ஆசிரியர்கள். ஆளுக்கு ஒன்றைப் படித்து மற்றவர்களுக்குச் சொன்னால் போதும். முழுப் புத்தகத்தையும் யாரும் படிக்க வேண்டாம்!

கூட்டம் ஜோராக நடந்தது. முதலில் கையெழுத்து. பிறகு டீயும் வள்ளிக்கிழங்கு போண்டாவும். அதன்பின் எல்லோரும் புத்தகத்தைச் சுற்றி நிற்க, மரங்கொத்தி அந்தக் காட்சியை மரப்பட்டையில் படமாகக் கொத்தும். புத்தகத்தின் அட்டை நன்றாகத் தெரிய வேண்டும் என்பதில் நரி கறாராக இருந்தது. மிச்ச நேரத்தில் விவாதம்.

முதல் வாரம் நரி முன்னுரையிலிருந்து நாலு வரி படித்துவிட்டு உட்கார்ந்தது. இரண்டாம் வாரம் மயில் எழுந்தது. "இந்த அத்தியாயத்தைப் படிச்சுட்டு ரெண்டு நாள் நான் இரையே எடுக்கலை" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. கேட்டுக்கொண்டிருந்த முள்ளம்பன்றியும் அழுதுவிட்டது. "ஆழம். ரொம்ப ஆழம்" என்றது மூன்றாம் வாரம் கொக்கு. நான்காம் வாரம் கரடி, "கொக்கு சார் சொன்னதையே நானும் சொல்றேன்" என்று போண்டாவைக் கையில் எடுத்தது.

ஐந்தாவது அத்தியாயம் முள்ளம்பன்றியின் பங்கு. செவ்வாய்க்கிழமை காலையில் புத்தகம் அதன் கைக்கு வந்தது. அது பழைய பாணியில் கட்டிய புத்தகம். தாள்களின் ஓரம் ஒட்டியே இருக்கும். படிக்கிறவர்தான் அதைக் கீறிப் பிரித்துக்கொள்ள வேண்டும். முன்னுரை இருந்த முதல் தாள் மட்டும் பிரிந்திருந்தது. மற்ற எதையும் யாரும் தொடவே இல்லை.

மயிலோடு சேர்ந்து அழுததை நினைத்து முள்ளம்பன்றிக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் முள் ஒன்றைப் பிடுங்கித் தாள்களை ஒவ்வொன்றாகக் கீறியது. பொழுது சாய்வதற்குள் முழுப் புத்தகத்தையும் படித்து முடித்தது. அதில் ஓரிடத்தில் இப்படி இருந்தது. 'புரிந்ததா என்று கேட்காதே. எது புரியவில்லை என்று கேள். பதில் வரும்வரை வாயைத் திறக்காதே.'

மறுநாள் கூட்டத்துக்குப் போகும் வழியில் அதன் மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு மான்குட்டிகள்.

"மேடம், இன்னிக்காவது வகுப்பு உண்டா?"

முள்ளம்பன்றி நின்றது. "கண்ணியைப் பத்தி உங்களுக்கு எது புரியலை?" என்று கேட்டது. கேட்டுவிட்டுக் காத்திருந்தது.

கடைசியில் ஒரு குட்டி மெல்லக் கேட்டது: "கால்ல சுருக்கு விழுந்தா இழுக்கணுமா, இழுக்கக் கூடாதா மேடம்?"

வகுப்பு தொடங்கிய முதல் நாளே முள்ளம்பன்றி நடத்திய பாடம் அது. புரிந்ததா என்று கேட்டபோது பன்னிரண்டு பேரும் தலையாட்டியிருந்தார்கள். வேட்டைப் பருவம் தொடங்கி வேடர் வர இன்னும் மூன்றே நாள்தான்.

பத்து மணி அடித்தது. முள்ளம்பன்றி தன் குட்டிகளை நினைத்துக்கொண்டது. பிறகு ஒரு கொடியை அறுத்துச் சுருக்கு போட்டு, முதல் மானின் காலில் மாட்டியது. "இழுத்தா இறுகும். அசையாம நில்லு. பல்லால முடிச்சைத் தளர்த்து. எங்கே, செய் பார்ப்போம்" என்றது. பன்னிரண்டு பேரும் செய்து முடிக்க உச்சிப்பொழுதாகிவிட்டது.

அது கூட்டத்துக்குப் போனபோது கையெழுத்து நோட்டை மூடிவிட்டார்கள்.

"எங்க மேடம் போயிட்டீங்க?" என்றது நரி.

"வகுப்பெடுத்தேன் சார். இந்தப் புத்தகம் சொல்றதைத்தான் செஞ்சேன். நேத்து முழுசாப் படிச்சேன். எனக்கு முன்னாடி யாரும் பக்கத்தைப் பிரிக்கவே இல்லையே சார்?"

கரடி மெல்லுவதை நிறுத்தியது. கொக்கு ஏரியைப் பார்த்தது. மயில், "நான் பிரிக்காமலே ஓரமாப் பார்த்துப் படிப்பேன்" என்று முணுமுணுத்தது.

நரி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தது. "அரசாங்கப் புத்தகம் மேடம் இது. யாரைக் கேட்டுக் கீறினீங்க?"

சிங்கராஜாவுக்கு அன்றைக்கே அறிக்கை போனது. 'வாசிப்புக் குழுவால் ஆசிரியர்கள் பெரிதும் மேம்பட்டனர். தற்காலிக ஆசிரியை மட்டும் ஒரு கூட்டத்துக்கு வரவில்லை, நூலையும் முள்ளால் சேதப்படுத்தினார்.' மயிலுக்கும் கொக்குக்கும் கரடிக்கும் சான்றிதழ் வந்தது. முள்ளம்பன்றிக்குப் புதரைக் காலி செய்யும் உத்தரவு வந்தது. இரண்டு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு அது மலைக்கு அப்பால் போனது. மரங்கொத்தி அதன் உருவத்தை மட்டும் எல்லாப் பட்டைகளிலிருந்தும் கொத்தி எடுத்துவிட்டது.

மூன்றாம் நாள் வேடர் வந்தார்கள். முள்ளம்பன்றியின் மாணவர்கள் பன்னிரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். மயில் வகுப்பில் ஏழு பேர் காலை இழுத்தார்கள், சுருக்கு இறுகியது. கரடி வகுப்பில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. சிங்கராஜா மிகவும் வருந்தி, ஆசிரியர்களின் மேம்பாடு போதவில்லை என்று முடிவு செய்தார். அடுத்த ஆண்டு பத்துப் புதன்கிழமை கூட்டம் நடத்த உத்தரவானது.

படித்ததாகக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நிறைந்த சபையில் உண்மையாகப் படித்தவருக்கு இடம் கிடைக்காது, அதற்கான தண்டனையை மாணவர்களே அனுபவிப்பார்கள்.