அணைந்த சுவிட்சுக்குப் பின்னால் ஒரு மின்மினி

கேட்டு முடித்ததும் தீர்ப்புச் சொல்ல ஒப்புக்கொள்கிறவர்களுக்குத்தான் இந்தக் கதை.

‘ஆலை’ என்று ஒரு கம்பைலர் இருந்தது. நாம் எழுதும் புரோகிராமை இயந்திரத்துக்குப் புரிகிறபடி அரைத்துத் தருவது அதன் வேலை. ஓப்பன் சோர்ஸ் என்பதால் யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். அங்கே ஒரு வழக்கம். புரோகிராம் எழுதும் புது மொழி ஒன்றைச் சேர்த்தால் ‘பரிசோதனை’ என்ற சுவிட்சுக்குப் பின்னால் வைப்பார்கள். சுவிட்ச் அணைந்தே இருக்கும். வேண்டுகிறவர் போட்டுக்கொள்ளலாம், நல்லது கெட்டது அவர் பாடு.

மதிவதனன் ‘மின்மினி’ என்று ஒரு சின்ன மொழியை உருவாக்கினான். அதை ஆலையில் சேர்க்கும் வேலையை ஜெனிட்டா ஏற்றுக்கொண்டாள். கைக்குழந்தைக்காரி. பிள்ளை தூங்கும் நேரம்தான் அவளுக்கு வேலை நேரம். அதிலும் பாதி, பிள்ளையின் மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பதில் போய்விடும். அழுதால் நிம்மதி. சத்தமில்லாமல் கிடந்தால்தான் அவளுக்குப் பயம்.

குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் பெட்டி செய்கிறவர்கள் மின்மினிக்காகக் காத்திருந்தார்கள். ஆலையின் புதுப் பதிப்பு வெளியாகும் இந்த ரிலீஸில் மொழி வந்துவிடும் என்று மதிவதனன் வாக்குக் கொடுத்திருந்தான். தவறினால் அவர்கள் வேறு மொழிக்குப் போய்விடுவார்கள். அவர்களை விட்டால் மின்மினிக்கு ஆளில்லை.

ரிலீஸுக்கு முந்தின நாள், மொழி சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் எல்லா டெஸ்டும் ‘தேறியது’ என்று பச்சை காட்டியது. ரிலீஸுக்குப் பொறுப்பான ஷமீமா வாழ்த்துகூட அனுப்பிவிட்டாள். ஜெனிட்டாவுக்கு மட்டும் என்னவோ போலிருந்தது. ஒரு சிவப்புகூட இல்லையா? அவள் எழுதியது எது முதல் தடவையிலேயே சரியாக வந்திருக்கிறது? இரண்டும் இரண்டும் ஐந்து என்று வேண்டுமென்றே ஒரு பொய் டெஸ்ட் எழுதிப் போட்டாள். அதற்கும் பச்சை.

வெகுநேரம் குழம்பிய பிறகே விளங்கியது: டெஸ்ட் ஓட்டும் இயந்திரத்திலும் சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. எந்த டெஸ்டும் மின்மினியைத் தொட்டுப் பார்க்கவேயில்லை; தொடாததையும் பச்சை என்றே காட்டியிருந்தது.

சுவிட்சைப் போட்டு ஓட்டினாள். பொய் டெஸ்ட் சிவந்தது. மற்றதெல்லாம் பச்சை, ஒன்றைத் தவிர. முப்பத்தாறரை டிகிரி என்று கொடுத்தால் முப்பத்தாறாக எடுத்துக்கொண்டு, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் மேலே போனது. அதைச் சரிசெய்ய இந்த ரிலீஸுக்குள் முடியாது.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே மற்ற இருவரையும் போனில் அழைத்தாள்.

“அப்படியே போகட்டும்மா,” என்றான் மதிவதனன். “சுவிட்ச் அணைஞ்சுதானே இருக்கு? பெட்டிக்காரங்ககிட்ட நான் வாயால சொல்லிடறேன்.”

ஷமீமா ஒப்பவில்லை. பச்சையை நம்பி வாழ்த்துச் சொன்ன வெட்கம் அவளுக்கு. “மொத்தமா எடுத்துடு ஜெனி. இன்னும் என்னென்ன ஒளிஞ்சிருக்கோ.”

மதிவதனன் பேசும்போது அவன் சொல்வது சரியாகப் பட்டது. ஷமீமா பேசும்போது அவள் சொல்வது. திக்குத் தெரியாமல் நின்று, கடைசியில் ஜெனிட்டா மூன்றாவதாக ஒன்று சொன்னாள். மொழி இருக்கட்டும். டெஸ்ட் இயந்திரத்தில் சுவிட்சைப் போட்டே வைப்போம். முப்பத்தாறரை போன்ற பின்ன எண்ணைக் கண்டால் மட்டும் ‘இது எனக்கு இன்னும் தெரியாது’ என்று கம்பைலர் அங்கேயே நின்றுவிடட்டும். அதற்கு நாலு வரி போதும். ஆனால் அரை டிகிரி தெரியாத மொழியால் பெட்டிக்குப் பயனில்லை. கொடுத்த வாக்குப் போய்விடும்.

“அதை வெச்சுத் தாயம்தான் விளையாடணும்,” என்றான் மதிவதனன், கசப்போடு.

கேட்டவர்களே, அப்படியே விடச் சொன்னவன், எடுத்துவிடச் சொன்னவள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லவைத்தவள்: இம்மூவரில் யார் வழி சரி?

விடை: ஜெனிட்டாவின் வழி. மதிவதனன் நம்பிய அதே அணைந்த சுவிட்ச்தான் மூவர் கண்ணையும் மறைத்தது. தெரிந்தவர்களிடம் வாயால் சொல்லலாம். முகம் தெரியாத ஒருவர் சுவிட்சைப் போட்டால்? ஷமீமா சொன்னபடி எடுத்துவிட்டால் ஆபத்தில்லைதான், ஆனால் ஒளிந்திருக்கும் மற்ற பிழைகளைத் தேடவும் ஆளிருக்காது. தெரியாது என்று கத்துகிற மொழியிடம் ஓடிப்போய் என்னவென்று பார்க்கலாம். வாக்குத் தவறியதைப் பெட்டி செய்கிறவர்களிடம் சொல்லப் போன் போட்டவளும் ஜெனிட்டாதான். அப்போது தோளில் பிள்ளை வீறிட்டு அழுதது. அவள் அதை அமர்த்தவில்லை.