துரு சிவந்த கதை

அந்தக் காலத்தில் இரும்புக்கும் வாய் இருந்தது. இரும்பை அரிக்கும் துருவோ அப்போது இரும்பின் நிறத்திலேயே, சாம்பல் மாதிரி இருக்கும். ஒரு தடவை துடைத்தால் போதும், சுவடே தெரியாது.

கடற்கரையில் கொல்லுலை வைத்திருந்தாள் உலகம்மை. புருஷன் போன பிறகு அந்த உலையும் தம்பி பேச்சிமுத்துவும்தான் அவளுக்குத் துணை. தம்பி பெரிய தோணி ஒன்று கட்டத் தொடங்கியிருந்தான். பலகையைப் பிணைக்க இரும்பாணியா, செம்பாணியா என்று முடிவு செய்ய அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டையும் ஒரு கட்டையில் அறைந்து, வெயிலிலும் மழையிலும் உப்புக்காற்றிலும் ஒரு வருஷம் போட்டுவைப்பார்கள். யாரும் தொடக்கூடாது.

உலகம்மைக்குச் செம்பு வேலை தெரியாது. செம்பு ஜெயித்தால் தன் உலையில் பூனைதான் தூங்கும் என்று பயந்தாள். மூன்றாம் மாதமே இரும்பாணியின் தலையில் சாம்பல் பூத்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முந்தானையால் துடைத்தாள்.

"துடைக்காத தாயி," என்றது இரும்பு. "உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே போகுது. தம்பி பாக்கட்டும்."

"சும்மா கெட. ஊருக்கு முன்னால என் மானத்த வாங்காத."

அடித்து உருவாக்கியவளே அதட்டினால் அது என்ன செய்யும்? வாயை மூடிக்கொண்டது. பத்து நாளைக்கு ஒரு முறை வந்து துடைத்துவிட்டுப் போனாள். பாவம், செம்புக்குத் துடைக்க ஆளில்லை. பச்சை பச்சையாகப் பூத்து, பார்க்கச் சகிக்காமல் நின்றது. அந்தப் பச்சைதான் அதை அரிக்காமல் காக்கும் போர்வை என்று யார் கண்டார்கள்?

வருஷம் முடிந்ததும் பேச்சிமுத்து வந்து பார்த்தான். அக்காவின் இரும்பு புதுசு போல இருக்கிறதே என்று பெருமையாகச் சிரித்தான். அப்போதாவது அவள் சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போனவள், சொல்லவில்லை. அவன் கேட்ட ஆணிகளையெல்லாம் அடித்துக் கொடுத்தாள்.

தோணி இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவதில் நடுக்கடலில் பலகை பலகையாகப் பிரிந்தது. பேச்சிமுத்துவையும் சேர்த்துப் பத்துப் பேர். ஒருவரும் திரும்பவில்லை. கரைக்கு வந்தது ஒரு பலகைதான். அதில் ஒடிந்து நின்ற ஆணியை உலகம்மை தொட்டாள். விரலில் சாம்பலாக உதிர்ந்தது. மண்ணில் விழுந்து புரண்டாள்.

"அவங்கிட்ட நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று இரும்பைக் கேட்டாள்.

"ஒங்கிட்ட சொன்னேன் தாயி. நீ அடக்கின, நானும் அடங்கிட்டேன். பத்து உசுரு பாவம் எனக்கும் உண்டு. இனி இந்த வாய் வேண்டாம். என்னைய அரிச்சா ரத்தமாத்தான் வரும். துடைச்சவ கையில நிக்கும்."

அதுதான் இரும்பு கடைசியாகப் பேசிய பேச்சு. அவள் கெஞ்சினாள், தம்பி பேரைச் சொல்லி மன்றாடினாள். அது வாய் திறக்கவே இல்லை. உலகம்மை அதன் பிறகு உலையை மூட்டவில்லை.

அன்று முதல்தான் இரும்பில் துரு சிவப்பாகப் பூக்கிறது. அதைத் துடைத்த துணியை எத்தனை முறை வெளுத்தாலும் கறை போவதில்லை.